ஃபாலுன்ல இருந்து கிருணா வரைக்கும்: கழிவு எங்க போகுதுன்னு பார்த்துட்டே ஒரு ரயில் பயணம்

சனிக்கிழமை, ஃபாலுன்

ஸ்டாக்ஹோம்ல காலைல ரயில் ஏறி மதியத்துக்கு முன்னாடியே ஃபாலுன் வந்து சேர்ந்தாச்சு. வழி நெடுக மர வீடுங்கதான், முக்கால்வாசி ஒரே நிறம், காவி கலந்த அடர் சிவப்பு. ஸ்வீடன் படம் எதப் பார்த்தாலும் இந்த சிவப்பு வீடு இருக்கும். அந்தப் பெயிண்டுக்கான பொடி இந்த ஊர் செம்புச் சுரங்கத்தோட கழிவு மேட்டுல இருந்து வந்ததுதான், செம்ப எடுத்துட்டு இரும்பு துரு மாதிரி மிஞ்சினத கழுவி, சுட்டு, அரைச்சு பண்றாங்க, இன்னிக்கும் பண்றாங்க. கழிவ விக்கிற பொருளா மாத்தறதுங்கறது நாம இப்ப கண்டுபிடிச்ச ஐடியா இல்லன்னு வந்த உடனே தெரிஞ்சுது.

சுரங்கத்துக்கு ஊருக்குள்ள இருந்து நடந்தே போயிடலாம். முதல்ல கண்ணுல படறது அந்தப் பெரிய குழி, கிட்டத்தட்ட 100 மீட்டர் ஆழம். இத யாரும் திட்டம் போட்டுத் தோண்டல. பல நூறு வருஷமா ஆளாளுக்கு உள்ள குடைஞ்சு குடைஞ்சு எடுத்ததுல 1687 ஜூன்ல மொத்தமா உள்வாங்கிடுச்சு. அன்னிக்கு மிட்சம்மர் விடுமுறை, உள்ள யாரும் இல்ல, அதனால ஒரு உயிர் கூடப் போகல. வேலை நாளா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு அந்தக் கம்பிவேலிய பிடிச்சுக்கிட்டு நினைச்சாலே வயித்தக் கலக்குது.

உள்ள இறங்கறதுக்கு ஹெல்மெட்டும் ஒரு மழைக்கோட்டும் தர்றாங்க. 67 மீட்டர் ஆழம் வரைக்கும் கூட்டிட்டுப் போறாங்க, உள்ள வருஷம் பூரா 5, 6 டிகிரி குளிர்தான். சுவர்ல கை வச்சா ஈரம், சில இடத்துல பச்சையும் மஞ்சளுமா பாறைல இருந்து கசிஞ்சு உறைஞ்சு கிடக்கு. அந்தக் காலத்துல பாறைய உடைக்க வெடிமருந்து கிடையாது. பாறை ஓரமா விறக அடுக்கி, ராத்திரி முழுக்க நெருப்பு போட்டு, பாறை விரிசல் விட்டதும் காலைல கடப்பாறையால நெம்பி எடுத்திருக்காங்க. அந்தப் புகைக்குள்ளதான் வேலை. மேல கொண்டு வந்த தாதுவ திறந்தவெளில விறகு மேல குவிச்சு வாரக்கணக்குல எரியவிட்டு கந்தகத்த விரட்டியிருக்காங்க, அந்தக் கந்தகப் புகை ஊர் மேலேயே கவிஞ்சு சுத்தி இருந்த செடிகொடி எல்லாம் கருகிப்போச்சு. தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1734ல இங்க வந்து இறங்கிப் பார்த்துட்டு எந்த மதகுருவும் இவ்வளவு பயங்கரமான நரகத்த வர்ணிச்சதில்லன்னு எழுதி வச்சிருக்கார். 17ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவோட செம்புல மூணுல ரெண்டு பங்கு இந்த ஒரே இடத்துல இருந்து போச்சுன்னு சொல்றாங்க, அப்ப அந்தப் புகை எவ்வளவு இருந்திருக்கும்.

1992 டிசம்பர்ல சுரங்கத்த மூடிட்டாங்க, 2001ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்துட்டாங்க. ஆனா மூடினதோட கதை முடியல, எனக்கு இங்க முக்கியமாப் பட்டது இதுதான். இந்தப் பாறைல இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் நிறைய இருக்கு. பூமிக்குள்ள இருக்கற வரைக்கும் அது சும்மா இருக்கும். தோண்டி காத்தும் தண்ணியும் பட வச்சா அது கந்தக அமிலமா மாற ஆரம்பிக்கும், அந்த அமிலம் பாறைல இருக்கற செம்பு, துத்தநாகம், காட்மியம் எல்லாத்தையும் கரைச்சுக்கிட்டு ஏரிக்குப் போகும். அதனால கடைசியா தாது எடுத்து 30 வருஷத்துக்கு மேல ஆகியும் சுரங்கத்துத் தண்ணிய பம்ப் பண்ணி சுத்தம் செஞ்சுதான் விடறாங்க. இத நிறுத்தற தேதின்னு ஒண்ணு இல்ல.

இந்தப் பயணத்துல நான் பார்க்கப் போறது இத மட்டும்தான். நவீன சுரங்கம், பசுமை உலோகம்னு எவ்வளவோ பேசறாங்க. ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு கேள்வி கேட்கப் போறேன், கழிவு கடைசில எங்க போய்ச் சேருது, ஆள் எங்க நின்னு வேலை பார்க்கறான்.

ஞாயிறு, ராத்திரி ரயில்

ஃபாலுன்ல இருந்து யேவ்லே வந்து, அங்க வடக்கே போற நைட் ட்ரெயின். பெர்த் கிடைச்சுது, வசதியா இருக்கு. வெளிய பைன் மரம், ஏரி, மறுபடி பைன் மரம்.

நேத்து போட்ட பதிவப் பார்த்துட்டு ஏன் இவ்வளவு தூரம் போய் சுரங்கத்தப் பார்க்கறீங்கன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. நான் வளர்ந்தது கோலார் தங்கவயல்ல. வட ஆற்காடு பக்கத்துல இருந்தெல்லாம் போன தமிழ் ஜனங்கதான் அந்தச் சுரங்கத்த தலைமுறை தலைமுறையா தோண்டினாங்க, 3 கிலோமீட்டருக்கும் கீழ. 1902லயே சிவசமுத்திரத்துல இருந்து கரண்ட் இழுத்த இடம் அது, அந்தக் காலத்துக்கு உலகத் தரமான டெக்னாலஜி. ஆனா அதே இடத்துல தூசியால சிலிகோசிஸ்ங்கற நுரையீரல் நோய், பாறை தானா வெடிக்கிற ராக் பர்ஸ்ட், 2001ல மூடின பிறகு காத்துல பறக்கற சைனைட் கலந்த கழிவு மேடு. டெக்னாலஜி வந்தது தங்கத்துக்காக, ஆளுக்காக இல்ல. அதனால ஒரு ஊர் சுரங்கத்த மாத்திருக்கேன்னு சொன்னா யாருக்காக மாத்துனாங்கன்னு பார்க்கணும்னு எனக்கு ஒரு வேகம் வந்துடும்.

திங்கள், ஷெலெஃப்டியோ

ஷெலெஃப்டியோவுக்கு பயணிகள் ரயில் இன்னும் கிடையாது, புது பாதை போட்டுட்டு இருக்காங்க. பாஸ்துத்ரேஸ்க்னு ஒரு சின்ன ஸ்டேஷன்ல விடியக்காலைல இறங்கி பஸ் பிடிச்சு வரணும். ஊருக்குள்ள நுழைஞ்சா புது கட்டடம் நிறைய. நார்த்வோல்ட் பேட்டரி கம்பெனிய நம்பி வளர்ந்த ஊர், அது 2025 மார்ச்ல திவால் ஆயிடுச்சு, வாடகைக்கு வீடு இருக்குன்னு போர்டு எங்க பார்த்தாலும்.

நான் வந்தது கடலோரத்துல இருக்கற ரொன்ஷார் உருக்காலைக்காக. உள்ள எல்லாம் விடமாட்டாங்க, துறைமுகப் பக்கமா நின்னு பார்த்தேன், உயரமான புகைபோக்கி, கப்பல், பெல்ட், குழாய், அவ்வளவுதான் தெரியுது. மணமே இல்ல. கந்தக வாடை மூக்குல ஏறும்னு எதிர்பார்த்து நின்னேன், கடல் காத்துதான் வந்துச்சு. அந்தக் கந்தகப் புகைய இப்ப பிடிச்சு கந்தக அமிலமா மாத்தி விக்கறாங்க. ஃபாலுன்ல காட்ட கருக்கினது இங்க டேங்கர்ல ஏறிப் போகுது.

இந்த ஆலை எப்படி வந்ததுங்கறது முக்கியம். 1924ல பக்கத்துல பூலிடன்ங்கற இடத்துல தங்கம் கலந்த தாது கிடைச்சுது, ஆனா அதுல ஆர்சனிக் ரொம்ப அதிகம், வேற உருக்காலை எதுவும் வாங்கத் தயாரா இல்ல. அதனால ஊருக்கு வெளிய ஒரு தீவு மாதிரி இடத்துல தாங்களே ஆலைய கட்டி 1930ல உருக்க ஆரம்பிச்சாங்க. பிறகு பல வருஷம் ஆர்சனிக் காத்துலயும் கடல்லயும் கலந்துச்சு, இங்க வேலை பார்த்தவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகமா வந்தத மருத்துவ ஆய்வுகளே காட்டிடுச்சு, ஆர்சனிக்குக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்ப உலகத்துக்கு உறுதியா சொன்னதுல இந்த ஆலைத் தொழிலாளிங்களோட உடம்புக்கும் பங்கு இருக்கு.

இப்ப இந்த ஆலைக்கு உலகம் பூரா பேர் வாங்கிக் கொடுத்தது எலக்ட்ரானிக் குப்பை. பழைய கம்ப்யூட்டர் போர்டு, போன் போர்டு எல்லாம் வருஷத்துக்கு 1,20,000 டன் வரைக்கும் உருக்கற திறன் இருக்கு. கால்டோன்னு சாய்வா சுத்தற ஒரு உலை, அதுல போர்டுகள கொட்டி ஆக்ஸிஜன் ஊதினா அதுல இருக்கற பிளாஸ்டிக்கே எரிபொருளா எரிஞ்சுடுது, அந்த வெப்பத்துல நீராவி எடுக்கறாங்க, வீட்டு ஹீட்டருக்கு சுடுதண்ணி போகுது, புகைய சட்டுன்னு குளிரவச்சு வடிகட்டி டயாக்ஸின்ங்கற நச்சப் பிடிக்கறாங்க, கீழ செம்போட தங்கம், வெள்ளி, பல்லேடியம் எல்லாம் சேர்ந்து இறங்குது. டெல்லி சீலம்பூர்ல இதே போர்ட சந்துல வச்சு எரிச்சு, அமிலத்துல முக்கி, வெறுங்கையால தங்கத்த பிரிக்கறாங்க. பொருளும் அதே பொருள், வர்ற தங்கமும் அதே தங்கம். வித்தியாசம் அந்தப் புகை யார் மூக்குக்குள்ள போகுதுங்கறதுதான்.

2023 ஜூன்ல இங்க மின்பகுப்பு கூடம் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. உருக்கின செம்ப தகடா வார்த்து அமிலத்தொட்டில தொங்கவிட்டு கரண்ட் பாய்ச்சி சுத்தப்படுத்தற இடம் அது. அதுக்கப்புறம் சுத்தப்படுத்தாத தகடாவே வித்துட்டு, புதுக் கூடம் கட்டற வேலைல இறங்கினாங்க. எவ்வளவு நவீனமானாலும் தீ ஒரே நாள்ல காலி பண்ணிடும்.

இனி சொல்லப்போறது என்னை ரொம்ப பாதிச்சது. 1984, 85ல இந்த ஆலைல இருந்து ஆர்சனிக் கலந்த சேறு கிட்டத்தட்ட 20,000 டன் கப்பல்ல ஏத்தி சிலி நாட்டுல அரிக்காங்கற ஊருக்கு அனுப்பினாங்க. அங்க ஒரு கம்பெனி அதுல இருந்து தங்கமும் வெள்ளியும் எடுக்கறேன்னு வாங்கிக்கிச்சு. அது திறந்தவெளில குவிஞ்சு கிடந்துச்சு, பிறகு அந்த மேட்டுக்குப் பக்கத்துலயே ஏழை ஜனங்களுக்கு வீடு கட்டினாங்க, குழந்தைங்க அது மேல விளையாடினாங்க. அந்த மக்கள் ஸ்வீடனுக்கே வந்து இதே ஷெலெஃப்டியோ கோர்ட்ல வழக்கு போட்டாங்க. 2018ல தோத்துட்டாங்க, அப்பீல்ல 2019ல காலம் கடந்துடுச்சுன்னு சொல்லிட்டாங்க. நான் இன்னிக்கு நடந்து போன தெருவுல, இதே ஊர்ல.

இப்ப அதே மாதிரி ஆர்சனிக், பாதரசம் கலந்த கழிவ ஆலைக்கு நேர் கீழயே 300 மீட்டருக்கும் ஆழமா பாறைய குடைஞ்சு அங்க கொண்டுபோய் வைக்கறாங்க. ரொன்ஷார்ல இருக்கற எல்லா டெக்னாலஜிலயும் எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது. நீ உண்டாக்கின விஷம், உன் காலுக்கு அடியிலேயே இருக்கட்டும். அந்தக் குழிக்கு ஆன செலவ 1984லயே பண்ணியிருந்தா அரிக்கால ஒரு தலைமுறை தப்பிச்சிருக்கும், எந்த கோர்ட் என்ன சொன்னாலும் இத நான் சொல்லத்தான் செய்வேன்.

செவ்வாய், லூலியோ

பஸ்ல ரெண்டரை மணி நேரம். லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல பாறை இயக்கவியல் படிக்கற நம்ம சேலத்துத் தம்பி ஒருத்தர் ஸ்டாண்டுக்கே வந்துட்டார். "அண்ணா, முதல்ல சாப்பிடலாம், அப்புறம் எஃகு ஆலைக்குப் போலாம்"னு ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் ரசம் சாதம் போட்டார். நல்லா இருக்கட்டும்.

ஸ்வார்த்தோன்ங்கற இடத்துல எஸ்எஸ்ஏபி கம்பெனியோட எஃகு ஆலை. பக்கத்துலயே ஹைபிரிட்னு பேர் வச்ச சோதனை ஆலை, ஒல்லியா உயரமா ஒரு கோபுரம். 2016ல எஸ்எஸ்ஏபி, சுரங்கக் கம்பெனி எல்கேஏபி, மின்சாரக் கம்பெனி வாட்டன்ஃபால் மூணும் சேர்ந்து ஆரம்பிச்சது, 2020 ஆகஸ்ட்ல கோபுரம் ஓட ஆரம்பிச்சுது.

தம்பி ரோட்டோரமா நின்னு சொன்னத அப்படியே எழுதறேன். "இரும்புத் தாதுங்கறது இரும்பும் ஆக்ஸிஜனும் பிடிச்சுக்கிட்டு இருக்கறதுதான் அண்ணா. அந்த ஆக்ஸிஜன யாராவது வந்து பிடுங்கிட்டுப் போகணும். இத்தன நூறு வருஷமா கரி பிடுங்கிட்டு இருக்கு, கரி ஆக்ஸிஜனோட சேர்ந்தா கார்பன் டை ஆக்ஸைடு. இங்க ஹைட்ரஜன் பிடுங்குது. ஹைட்ரஜன் ஆக்ஸிஜனோட சேர்ந்தா தண்ணி. அவ்வளவுதான் மேட்டர்." உலகத்துல மனுஷன் வெளியிடற கார்பன் டை ஆக்ஸைடுல சுமார் 7 சதவீதம் இரும்பு, எஃகுத் தொழில்ல இருந்துதான் வருது, ஸ்வீடனுக்குள்ள இந்த ஒரு எஃகுக் கம்பெனியோட பங்கே சுமார் 10 சதவீதம். அதனாலதான் இந்த ஒல்லிக் கோபுரத்துக்கு இவ்வளவு பேச்சு. கரி போடற ஊது உலைல இரும்பு உருகி ஓடும், இதுல உருகாது, உள்ள போட்ட தாது உருண்டை உருண்டையாவே இருந்துக்கிட்டு உள்ள பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்து வெளிய வரும், அப்புறம் அத மின்சார உலைல போட்டு எஃகாக்கணும். 2021 ஆகஸ்ட்ல முதல் எஃகு வோல்வோவுக்குப் போச்சு. பக்கத்து மலைல 30 மீட்டர் ஆழத்துல பாறைய குடைஞ்சு, இரும்புத் தகடு போர்த்தி, 100 கன மீட்டர் அறைல ஹைட்ரஜன அழுத்தி சேமிச்சும் பார்த்தாங்க. காத்து நல்லா அடிச்சு கரண்ட் மலிவா இருக்கும்போது ஹைட்ரஜன் பண்ணி வச்சுக்கிட்டு, விலை ஏறும்போது எடுத்துக்கற ஏற்பாடு.

சரி, என் கேள்வி. புகை போயிடுச்சு, சந்தோஷம். ஆனா ஒரு டன் எஃகுக்கு சுமார் 3,500 யூனிட் கரண்ட் வேணும், அதுல பெரும்பங்கு தண்ணிய பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கறதுக்கே போயிடும். எல்கேஏபி தன்னோட தாது முழுக்க இப்படியே மாத்தறதுன்னா வருஷத்துக்கு 70 டெராவாட் மணி, அதாவது 7,000 கோடி யூனிட் வேணும்னு ஒரு கட்டத்துல கணக்கு சொன்னாங்க, அது ஸ்வீடன் முழுக்க செலவழிக்கற கரண்ட்ல பாதி. பிறகு திட்டத்தோட வேகத்தக் குறைச்சுட்டாங்க. பக்கத்துல பூடன் ஊர்ல ஸ்டெக்ராங்கற புதுக் கம்பெனி இதே முறைல பெரிய ஆலையே கட்டிட்டு இருக்கு, அங்கயும் பணம் திரட்டறதுல பெரிய சிரமம். இந்தக் கரண்ட்ல நிறைய லூலே ஆத்து அணைகள்ல இருந்து வருது, அந்த அணைகளுக்காக இந்த வடக்குப் பகுதியோட பூர்வகுடிகளான சாமிங்கற மக்களோட நிலமும் குடியிருப்பும் போன நூற்றாண்டுலயே தண்ணிக்கடில போச்சு.

அதனால இது வேணாம்னு நான் சொல்லல. கரிப்புகைய விட இது ஆயிரம் மடங்கு மேல்னுதான் நினைக்கறேன். ஆனா ஆலை வாசல்ல நின்னு தண்ணி மட்டும்தான் வெளிய வருதுன்னு சொல்றவங்க ஆத்தையும் சேர்த்துச் சொல்லணும்.

புதன், யெல்லிவாரே

ரயில் ஆர்க்டிக் வட்டத்த தாண்டற இடத்துல ஒரு போர்டு, எல்லாரும் போன எடுத்தாங்க.

இங்க ஐதிக் திறந்தவெளி செம்புச் சுரங்கம், 1968ல இருந்து. ரொன்ஷார் ஆலைய நடத்தற பூலிடன் கம்பெனியோடதுதான் இதுவும். மேல ஒரு பார்வை இடத்துல நின்னு பார்த்தேன். படிப்படியா 400 மீட்டருக்கும் கீழ இறங்குது. தாதுல செம்பு எவ்வளவு தெரியுமா, சுமார் 0.2 சதவீதம். ஒரு டன் கல்ல வெட்டி, தூக்கி, மாவா அரைச்சா 2 கிலோ செம்பு, மீதி 998 கிலோ சேறா, சேறத் தேக்கி வைக்கற அணைக்குப் போகுது. பணக்கார தாது எல்லாம் தீர்ந்து போன உலகத்துல செம்பு இப்படித்தான் கிடைக்கும். இவ்வளவு ஏழைத் தாதுவ எடுத்தும் கட்டுப்படி ஆகுதுன்னா அது மெஷினோட திறமைதான்.

கல்ல சுமக்கற டம்பர் லாரி ஒவ்வொண்ணும் 300 டன்னுக்கு மேல சுமக்கும். சுமையோட மேட்டுல ஏறும்போதுதான் டீசல் குடிக்கும். அதுக்கு ஏத்தத்துல மட்டும் ரயிலுக்கு இருக்கற மாதிரி மேல கம்பி கட்டியிருக்காங்க. வண்டி அந்த இடம் வந்ததும் தலைல இருந்து ரெண்டு கை எழும்பி கம்பிய தொடுது, தொட்ட அடுத்த நொடி இன்ஜின் உறுமல் அடங்கி வண்டி வேகமெடுத்து ஏறுது. தூரத்துல இருந்து பார்த்தே அந்தப் புகை நிக்கறது கண்ணுக்குத் தெரிஞ்சுது. 2018ல 700 மீட்டருக்கு சோதனை பண்ணிப் பார்த்துட்டு பிறகு நீட்டினாங்க. புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல, ட்ராலி பஸ் பழைய விஷயம். பழச சரியான இடத்துல கொண்டு வந்து வச்சிருக்காங்க, எனக்கு இது ரொம்பப் பிடிச்சுது.

அந்தச் சேறு அணைதான் பயம். 2000 செப்டம்பர்ல இங்க ஒரு பகுதி உடைஞ்சுது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1998 ஏப்ரல்ல, இதே பூலிடன் கம்பெனியோட ஸ்பெயின் சுரங்கத்துல அஸ்னால்கொல்லார்ங்கற இடத்துல அணை உடைஞ்சு, அமிலத் தண்ணியும் சேறும் லட்சக்கணக்கான கன மீட்டர் ஆத்துல இறங்கி தோன்யானா சதுப்பு நிலத்து வாசல் வரைக்கும் போச்சு. டம்பர் மேல கரண்ட் கம்பி கட்டறத எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, அணைக்குள்ள தண்ணி மட்டத்த தினம் அளக்கறத யாரும் எடுக்க மாட்டாங்க. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் சுரங்கத்தோட தரம்.

வியாழன், கிருணா

ராத்திரி ஒன்றரை மணி வாக்குல எழுந்துட்டேன். கட்டில் லேசா அதிர்ந்துச்சு, ஜன்னல் கண்ணாடி ஒரு தடவ கிர்ருன்னுது, முடிஞ்சுது. தினமும் அந்த நேரத்துலதான் கீழ வேட்டு வைக்கறாங்க, அந்தப் பகுதில அப்ப ஆள் யாரும் இருக்கக் கூடாது, விடியறதுக்குள்ள வெடிப்புகைய ஃபேன் வெளிய தள்ளிடும், காலை ஷிஃப்ட் சுத்தமான காத்துல இறங்கும்.

கிருணா ஊரே இந்த இரும்புத் தாதுவால பொறந்தது, 1900ல. தாது ஒரு சாஞ்ச பலகை மாதிரி 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஊருக்கு அடில சரிஞ்சு போகுது. கீழ எடுக்க எடுக்க மேல நிலம் உள்வாங்கும், அதனால 2004ல ஊரையே நகர்த்தணும்னு சொல்லிட்டாங்க. 2022ல புது டவுன் சென்டர் திறந்தாங்க, 2025 ஆகஸ்ட்ல 1912ல கட்டின மர சர்ச்ச, 672 டன், அப்படியே வண்டில ஏத்தி ரெண்டு நாள்ல 5 கிலோமீட்டர் கொண்டு போனாங்க. பழைய டவுன்ல வேலி போட்டு, வீடெல்லாம் இடிச்சு, புல் முளைச்சுக் கிடக்கு. காசு கொடுத்து, வீடு கொடுத்துதான் நகர்த்துறாங்க. ஆனாலும் அந்தத் தெருவுல நடந்தா வளர்ந்த இடம் போறதுன்னா என்னன்னு புரியும்.

சுரங்கத்துக்குள்ள பஸ்லயே கூட்டிட்டுப் போறாங்க, 540 மீட்டர் ஆழத்துல பார்வையாளர் மையம். உண்மையான வேலை நடக்கற பிரதான மட்டம் 1,365 மீட்டர், அங்க நம்மள விடமாட்டாங்க. வழிகாட்டினது ஒரு இளம் பொண்ணு, அவங்க அப்பா கீழ லோடர் ஓட்டினவர். "அப்பா வீட்டுக்கு வந்தா டீசல் வாடை வரும். இப்ப அதே வேலைய பார்க்கறவங்க தரைக்கு மேல ஆபீஸ் கட்டடத்துல ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்து ரிமோட்ல லோடர் ஓட்டறாங்க, மதியம் கேன்டீன்ல சாப்பிடறாங்க"ன்னாங்க. கீழ தாது ரயில் ஓட்டுநர் இல்லாமத்தான் ஓடுது. துளை போடற மெஷின் தண்ணி அழுத்தத்துல அடிக்குது, அதனால தூசி பறக்கறதில்ல, எண்ணெய் புகையும் இல்ல. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல உறுதியா சொன்னதுல இருந்து பேட்டரி லோடர் பக்கம் எல்லாரும் திரும்பறாங்க, இங்கயும் கொன்சுல்ன்ங்கற தனி சோதனைச் சுரங்கத்துல ஓட்டிப் பார்த்தாங்க. பேட்டரி வண்டின்னா புகை மட்டும் மிச்சமில்ல, உள்ள காத்த தள்ளற ஃபேனுக்கு ஆகற கரண்டும் குறையும்.

வழிகாட்டின பொண்ணு ஒரு காந்தத்த கொடுத்தாங்க. கருப்பா கனமா ஒரு தாதுக்கல்லு, காந்தம் பச்சக்குனு ஒட்டிக்கிச்சு, இழுத்தாத்தான் வருது. இது மேக்னடைட். அரைச்சு காந்தத்தாலேயே இரும்ப தனியா பிரிச்சுடலாம், சைனைட் மாதிரி விஷத்துக்கு வேலையே இல்ல. அப்புறம் தாதுப் பொடிய உருட்டிச் சுட்ட பெல்லட், கோலிகுண்ட விடச் சின்னது, ஊதா கலந்த சாம்பல் நிறம், விரலால தேச்சா பொடி ஒட்டுது. இதுல காந்தம் சரியா ஒட்டல. சுடும்போது ஆக்ஸிஜன் ஏறி ஹேமடைட்டா மாறிடுச்சாம், மாறும்போது அதுவே வெப்பத்த வெளிவிடறதால சூளைக்கு எரிபொருள் குறைவாப் போதும்னாங்க. இந்த உருண்டைதான் லூலியோ கோபுரத்துக்குள்ள போறது.

இதெல்லாம் கம்பெனி தானா மனசு இரங்கி செஞ்சதான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு 1969னு மட்டும் சொன்னாங்க. அந்த டிசம்பர்ல எல்கேஏபி சுரங்கத் தொழிலாளிங்க கிட்டத்தட்ட 5,000 பேர் யூனியன் தலைமையையும் மீறி ஸ்ட்ரைக்ல இறங்கி 57 நாள் நின்னாங்க. சம்பளம் மட்டும் இல்ல, டீசல் மெஷின் வந்த பிறகு புகை, சத்தம், ஆள நடத்தற விதம். நாங்க மெஷின் இல்லங்கறதுதான் அவங்க கோஷம். 1970கள்ல வந்த சட்டத்துல தொழிலாளிங்க தேர்ந்தெடுக்கற பாதுகாப்புப் பிரதிநிதிக்கு ஒரு அதிகாரம் கொடுத்தாங்க, உயிருக்கு ஆபத்துன்னு அவர் நினைச்சா அந்த நிமிஷமே வேலைய நிறுத்தலாம், இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கற வரைக்கும் கம்பெனி ஆரம்பிக்க முடியாது. பக்கத்து மால்ம்பெரியெட் சுரங்கத்துல ரேடான்ங்கற கதிரியக்க வாயுவால நுரையீரல் புற்றுநோய்னு ஆய்வு சொன்னதும் காத்தோட்டத்த கேள்வி கேட்க ஆள் இருந்தாங்க. ரிமோட் லோடர காசு கொடுத்தா யாரும் வாங்கிடலாம். நிறுத்துன்னு சொல்ற அந்த அதிகாரத்த கடைல வாங்க முடியாது, அது இல்லாத இடத்துல ரிமோட் லோடரும் ஆள் குறைக்கற கருவியா மட்டும்தான் வரும்.

2020 மே 18 விடியக்காலைல இங்க சுரங்கத்தாலேயே 4.9 அளவுல நிலம் அதிர்ந்துச்சு. உள்ள சேதம் பலம், ஆனா யாருக்கும் காயம் இல்ல. கோலார்ல பாறை வெடிச்சு ஆள் செத்ததக் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்த ஒரு வரி போதும். அந்த அனுபவத்துலதான் 1988ல தங்கவயல்லயே தேசிய பாறை இயக்கவியல் நிறுவனத்த ஆரம்பிச்சாங்க, நம்ம ஆளுங்களுக்கும் இந்த அறிவு இருந்துச்சு, இப்பவும் இருக்கு. பூமிக்குள்ள நூத்துக்கணக்குல சென்சார் வச்சு கேட்டுட்டே இருக்கறதும், அந்த நேரத்துல ஆபத்தான இடத்துல ஆள் நிக்காம பார்த்துக்கறதும்தான் வித்தியாசம்.

வெள்ளி, இன்னும் கிருணா

இன்னிக்கு சுரங்கம் இல்ல. ஊருக்கு வடக்கே பெர் யெய்யர்னு ஒரு படுகை, 2023 ஜனவரில ஐரோப்பாவோட பெரிய அரிய மண் தாது இதுதான்னு எல்கேஏபி அறிவிச்சுது, பத்து லட்சம் டன்னுக்கு மேல ஆக்ஸைடு. மின்சாரக் காருக்கும் காத்தாலைக்கும் காந்தம் பண்ண வேணும், இப்ப எல்லாம் சீனாவ நம்பித்தான். 2025ல ஐரோப்பிய யூனியன் முக்கியத் திட்டமாவும் அறிவிச்சுடுச்சு.

அந்த இடம் கப்னா சாமி சமூகத்தோட மேய்ச்சல் நிலம். அவங்க ரெயின்டீர் மந்தை மலைக்கும் காட்டுக்கும் நடுவுல பருவத்துக்குப் பருவம் போய் வர்ற வழி, ஏற்கனவே பழைய சுரங்கம், ரோடு, ரயில்னு நெருக்கி நெருக்கி மிஞ்சினது இதுதான், இதுவும் போனா மந்தை கடக்க வழியே இல்லங்கறாங்க. பேட்டரி லோடரோ ரிமோட்டோ இதுக்கு பதில் சொல்லாது. உள்ள வேலை பார்க்கறவனுக்கு நிறுத்துன்னு சொல்ல உரிமை இருக்கு, மேல மேய்க்கறவனுக்கு அந்த அளவுக்கு இல்ல. பழைய எலக்ட்ரானிக் பொருள்ல இருக்கற காந்தத்த திருப்பி எடுக்கற வேலைல இதுல பாதி ஆர்வம் காட்டினாக்கூட கொஞ்சம் நியாயமா இருக்கும்னு எனக்குத் தோணுது.

சனிக்கிழமை, நார்விக்

கிருணால இருந்து மூணு மணி நேரம், மலை, ஏரி, நார்வே எல்லை தாண்டினா செங்குத்தா கடலுக்கு இறங்கற பாதை. எதிர்ல வர்ற தாது ரயில எண்ணிப் பார்த்தேன், 68 பெட்டி. இந்தப் பாதைல கிருணா பக்கம் 1915லயே கரண்ட் வந்துடுச்சு. சுமையோட இறங்கற ரயில் பிரேக் போடும்போது மோட்டார் திரும்பி கரண்ட் தயாரிச்சு கம்பிக்கே கொடுக்குது, அந்தக் கரண்ட்லயே காலிப் பெட்டி ரயில் எல்லை வரைக்கும் மேல ஏறிடுது. ஒரே பாதைய நம்பி இருக்கறதுதான் பலவீனம், 2023 டிசம்பர்ல தடம் புரண்டு ரெண்டு மாசம் தாது நின்னு போச்சு.

போகணும்னு நினைக்கறவங்களுக்கு சில விஷயம். கிருணா சுரங்க டூர் முன்கூட்டியே புக் பண்ணிடுங்க, சின்னக் குழந்தைங்கள உள்ள விடறதுக்கு வயசு வரம்பு இருக்கு, கேட்டுக்கோங்க. ஃபாலுன்ல வெயில் காலத்துலயும் ஸ்வெட்டர் வேணும், நல்ல ஷூ வேணும், படி நிறைய. நைட் ட்ரெயின் பெர்த் கோடைல சீக்கிரம் தீர்ந்துடும். ஷெலெஃப்டியோவ விட்டுடாதீங்க, அங்க டூரிஸ்டுக்குப் பார்க்க பெருசா ஒண்ணும் இருக்காது, ஆனா போறதுக்கு முன்னாடி அரிக்கா பத்தி படிச்சுட்டுப் போய் அந்தத் துறைமுகத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க.